உதரவிதானக் குடலிறக்கத்துடன் பிறந்த குழந்தைக்கு வென்டிலேட்டரை அமைப்பது எப்படி?

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் துளையுடன் பிறக்கும் குழந்தையைச் சில மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு இந்த அறுவையை வெற்றிகரமாகச் செய்ததை பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் கிராஸ் 1946ல் அறிவித்த பிறகு, துளையை எவ்வளவு விரைவாக மூடுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்ற எண்ணம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. துளையை மூடிய பின் பல குழந்தைகளின் நுரையீரல் முன்பைவிட விறைப்பாகிவிடுகிறது என்பதை 1987ல் டொரன்டோ மருத்துவர்கள் அளந்து காட்டியதும் அந்த அவசரம் தணியத் தொடங்கியது. இன்று அறுவை காத்திருக்கிறது. காத்திருக்கும் நாட்களில் குழந்தையைத் தாங்குவது வென்டிலேட்டர். தவறாக அமைத்தால் அந்த நுரையீரலைக் கெடுப்பதும் அதே வென்டிலேட்டர்தான்.

ஏறத்தாழ மூவாயிரம் பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படும் இந்தக் குறைபாடு, ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு இடப்பக்கத்தில் அமைகிறது. கருவறையிலேயே குடலும் இரைப்பையும் மண்ணீரலும், சிலருக்குக் கல்லீரலும், துளை வழியாக மார்புக்குள் ஏறிவிடுவதால் அந்தப் பக்க நுரையீரல் வளராமல் நின்றுவிடுகிறது. இதயம் மறுபக்கம் தள்ளப்படுவதால் எதிர்ப்பக்க நுரையீரலும் ஓரளவு குறுகியே இருக்கிறது. மூச்சுக்கிளைகள் குறைவு, காற்றறைகள் குறைவு, நுரையீரல் தமனிகளும் குறைவு; இருக்கும் தமனிகளின் சுவரோ தடித்த தசையால் ஆனது. ஆகவே வாயு பரிமாறிக்கொள்ளப் பரப்பும் போதவில்லை, நுரையீரல் தமனிகளின் அழுத்தமும் பிறந்த பின் இறங்க மறுக்கிறது. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: இக்குழந்தைகள் சிலருக்கு இதயத்தின் இடது கீழறை சிறியதாகவோ வலுவிழந்தோ இருக்கும். வென்டிலேட்டரில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இம்மூன்றின் மீதும் ஒருசேர விழுகிறது.

இக்கட்டுரை பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் எண்ணி எழுதப்பட்டது. எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மருத்துவமனைகளின் கூட்டமைப்பு 2010ல் உருவாக்கி 2015ல் திருத்திய ஒருமித்த வழிகாட்டியைத் தழுவியவை. கனடா நாட்டுக் குழு 2018ல் வெளியிட்ட வழிகாட்டி மாறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிரிவில் எழுதி வைத்த நெறிமுறை இருந்தால் அதுவே முதன்மையானது. ஒரே பிரிவில் பகல் பணியில் ஒருவர் ஓர் இலக்கையும் இரவுப் பணியில் இன்னொருவர் வேறோர் இலக்கையும் வைத்து நடத்துவது, எந்த இலக்கைத் தேர்ந்தோம் என்பதைவிடப் பெரிய தீங்கு.

ஏன் மென்மையாக?

1970களிலும் 80களிலும் நுரையீரல் தமனிகளைத் தளர்த்துவதற்காக இக்குழந்தைகளுக்கு வேகமாகவும் மிகுந்த அழுத்தத்திலும் மூச்சுக் கொடுத்து, இரத்தத்தின் கரியமில வாயுவை 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இறக்கி, பி.எச். அளவை 7.5க்கு மேல் ஏற்றுவார்கள். தமனிகள் சற்றே தளர்ந்தன, ஆக்சிஜன் அளவும் ஏறியது. ஆனால் விலையை நுரையீரல் கொடுத்தது. டொரன்டோவில் இறந்துபோன 68 குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை விவரங்களை ஆராய்ந்து 1999ல் வெளியிட்டபோது, பத்தில் ஒன்பது பேரின் நுரையீரலில் வென்டிலேட்டர் அழுத்தத்தால் ஏற்படும் காயத்தின் அடையாளம் இருந்தது. பிறவிக் குறைபாட்டோடு பிறந்த நுரையீரலில் நாம் ஏற்படுத்திய காயமும் சேர்ந்துகொண்டது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென் டியன் வுங் வேறு வழியில் சென்றார். நுரையீரல் தமனி உயர் அழுத்தம் உள்ள குழந்தைகளைத் தசை தளர்த்தும் மருந்து கொடுக்காமல், தாமாக மூச்சுவிட அனுமதித்து, கரியமில வாயு ஓரளவு உயர்வதைப் பொறுத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் நடத்திய அனுபவத்தை அவரது குழு 1985ல் வெளியிட்டது; அதே முறையை உதரவிதானக் குடலிறக்கத்தில் கையாண்டதையும் பின்னர் எழுதியது. இன்று உலகம் முழுவதும் மென்மையான வென்டிலேஷன் என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுதான். எக்மோ (உடலுக்கு வெளியே இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவி) வசதி இல்லாத மருத்துவமனைக்கு இது இன்னும் பொருந்தும். நுரையீரல் காயப்பட்டுவிட்டால் அங்கே அடுத்த படி என்று ஒன்று கிடையாது.

பிரசவ அறையில்

கருவிலேயே நோய் தெரிந்திருந்தால், மூச்சுத் திணறும் இக்குழந்தைக்கு முகமூடி வைத்து ஆம்பு பையால் காற்றுக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்தக் காற்றில் ஒரு பகுதி இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறது. அவை இருப்பதோ மார்புக்குள். குடல் உப்ப உப்ப நுரையீரலுக்கான இடம் சுருங்கும். எனவே பெரும்பாலான பிரிவுகளில் பிறந்தவுடன் மூச்சுக்குழாயில் டியூப் இறக்கிவிடுகிறார்கள். கருக்கால ஸ்கேனில் நுரையீரல் நன்றாக வளர்ந்திருப்பதாகத் தெரிந்த குழந்தையைத் தானாக மூச்சுவிட விட்டுப் பார்ப்பதும் சில இடங்களில் வழக்கம். அது அனுபவமுள்ள கைகளுக்கானது.

டியூப் இறங்கியதும் கையால் அழுத்தும் பையை ஒதுக்கிவிட்டு, அழுத்தத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கக்கூடிய டி-பீஸ் கருவியைப் பொருத்துங்கள். உச்ச அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டக் கூடாது. கைப் பையில் அது 20ஆ 40ஆ என்று யாருக்கும் தெரியாது. பதற்றத்தில் இருக்கும் கை எப்போதும் கூடுதலாகத்தான் அழுத்தும். ஆக்சிஜனை நூறு சதவீதத்தில் தொடங்க வேண்டிய கட்டாயமில்லை, வலது கையின் சாச்சுரேஷனை, அதாவது இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை, பார்த்து ஏற்றி இறக்கலாம். அடுத்த சில நிமிடங்களில் வாய் வழியாக 8 அல்லது 10 எண் அளவுள்ள குழாயை இரைப்பைக்குள் இறக்கி, தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ மெல்ல உறிஞ்ச வேண்டும். இந்தக் குழாய் அடைபட்டால் வென்டிலேட்டர் திரையில் முதலில் தெரிவது மூச்சளவு குறைவதுதான். அதைக் கண்டு அழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி ஒருமுறை உறிஞ்சிப் பாருங்கள். 20 மில்லிலிட்டர் காற்று வந்தால் கோளாறு அங்கேதான் இருந்தது.

காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக் கொடுப்பதால் இக்குழந்தைகளுக்குப் பயன் கிடைத்ததாகச் சான்று இல்லை. குறைமாதக் குழந்தைக்கு வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டாலொழிய அதை வழக்கமாக்க வேண்டாம்.

முதல் அமைப்பு

தொடங்குவதற்குச் சாதாரண வென்டிலேட்டர் முறையே போதும். உச்ச அழுத்தம் 20 முதல் 25, பீப் (வெளிமூச்சின் முடிவிலும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 3 முதல் 5, நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு, உள்மூச்சு நேரம் ஏறத்தாழ 0.35 விநாடி. கருவியில் மூச்சளவை இலக்காக வைக்கும் வசதி இருந்தால், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 முதல் 5 மில்லிலிட்டர் என வைத்து, அழுத்தத்தின் மேல் எல்லையை 25ல் பூட்டிவிடுங்கள். மூன்று கிலோ குழந்தைக்கு இது ஒரு மூச்சுக்கு 12 முதல் 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டிக்கும் மிகாத காற்று. டியூபுக்கும் கருவிக்கும் இடையே பொருத்தும் சென்சரும் இணைப்புகளும் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் இடத்தை விழுங்குகின்றன என்பதை நினைத்தால், தேவையற்ற இணைப்பு ஒன்றைக் கழற்றுவதுகூடக் கரியமில வாயுவை ஓரளவு இறக்கும் என்பது புரியும்.

பீப் விஷயத்தில் பலருக்கும் தயக்கம் உண்டு. மூச்சுத்திணறலுள்ள குறைமாதக் குழந்தைக்கு 6, 7 என வைத்துப் பழகிய கை இங்கும் அங்கேயே போகும். ஆனால் அந்த நுரையீரல் சுருங்கிக் கிடக்கும் நுரையீரல், திறந்துவைக்க வேண்டும். இதுவோ வளர்ச்சியில் குறைந்தது, இல்லாத காற்றறைகளை எந்த அழுத்தத்தாலும் திறக்க முடியாது. ஏற்கெனவே திறந்திருப்பவைதான் அளவுக்கு மீறி விரியும். விரிந்த காற்றறைகள் தம்மைச் சுற்றியுள்ள நுண்குழாய்களை நசுக்குவதால் தமனி அழுத்தம் மேலும் உயரும். பீப் 5லிருந்து 2க்கு இறங்கியபோது இக்குழந்தைகளின் நுரையீரல் நெகிழ்வு கூடியதை 2018ல் வெளியான சிறிய ஆய்வொன்று காட்டியது. அதற்காக எல்லோருக்கும் 2 வைக்கச் சொல்லவில்லை. ஐந்துக்கு மேல் ஏற்றும் முன் நெஞ்சுப் படத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடிய வேண்டும் என்கிறேன்.

அளவுக்கு மீறி விரிந்திருப்பதைக் கண்டறிய இரண்டு வழிகள் கைக்கு அருகிலேயே உள்ளன. நெஞ்சுப் படத்தில் நோயில்லாத பக்க நுரையீரல் எத்தனை விலா எலும்பு வரை இறங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டைத் தாண்டினால் அதிகம். இன்னொன்று, வென்டிலேட்டர் திரையில் வரும் அழுத்தமும் கொள்ளளவும் சேர்ந்த வளையம். நல்ல மூச்சில் அது சாய்ந்த இலை வடிவில் இருக்கும். அழுத்தம் கூடியும் கொள்ளளவு கூடாத நிலையில் அதன் மேல் நுனி வலப்புறமாகத் தட்டையாக நீண்டு பறவையின் அலகு போலத் தோன்றும். அந்த அலகு தெரிந்தால் உச்ச அழுத்தத்தை ஒவ்வொரு புள்ளியாக இறக்குங்கள். அலகு மறையும் வரை இறக்கியும் மூச்சளவு கிட்டத்தட்ட அப்படியே நிற்பதைப் பார்க்கலாம். இறக்கிய அந்த இரண்டு மூன்று புள்ளிகள் இவ்வளவு நேரமும் காற்றறைச் சுவரை இழுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

தசை தளர்த்தும் மருந்தைத் தொடர்ச்சியாகக் கொடுப்பதைத் தவிர்த்து, ஃபென்டனில் அல்லது மார்ஃபின் போன்ற வலி நீக்கும் மருந்தில் குழந்தையை அமைதியாக வைத்திருங்கள். தானாக எடுக்கும் மூச்சு குறைந்த அழுத்தத்தில் வேலையை முடித்துக்கொடுக்கும்.

எந்த எண், எந்த இடத்தில்

சாச்சுரேஷன் கருவியை ஒன்று வலது கையிலும் ஒன்று காலிலும் பொருத்துங்கள். மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தத்தின் நிலையை வலது கை சொல்கிறது. நுரையீரல் தமனி அழுத்தம் உடலின் அழுத்தத்தைத் தாண்டும்போது, ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்து இன்னும் திறந்திருக்கும் தமனி நாளம் வழியாகக் கீழ் உடலுக்குப் பாய்வதால் காலின் எண் இறங்குகிறது. இலக்கு வலது கைக்குத்தான்: 80 முதல் 95 சதவீதம். காலில் 70க்கு மேல் இருந்தால் போதும். கனடா வழிகாட்டி வலது கைக்கு 85க்குக் குறையாமல் பார்க்கச் சொல்கிறது. பிறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வலது கையில் 70 காட்டினாலும், அது மெல்ல ஏறிக்கொண்டும், பி.எச். 7.20க்கு மேலும், கரியமில வாயு 65க்குக் கீழும் இருந்தால் வென்டிலேட்டரைத் தொடாமல் காத்திருக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி அனுமதிக்கிறது. இந்த அனுமதியைப் பயன்படுத்தத் துணிவு வேண்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டே கையைக் கட்டி நிற்பது, பொத்தானைத் திருகுவதைவிடக் கடினமான வேலை.

கரியமில வாயு 50 முதல் 70 மில்லிமீட்டர் பாதரசம் வரை, பி.எச். 7.20க்கு மேல் என்பது ஐரோப்பிய இலக்கு. கனடாவில் 45 முதல் 60, பி.எச். 7.25 முதல் 7.40. நுரையீரல் தமனி அழுத்தம் கடுமையாக உள்ள குழந்தைக்கு அமிலத்தன்மை தமனிகளை மேலும் இறுக்கும் என்பதால், முதல் நாளில் கனடா இலக்கின் பக்கம் சாய்வதே சரி என்று தோன்றுகிறது. அழுத்தம் 25க்குள் நிற்கும் வரையில் மட்டும்.

மானிட்டரின் எச்சரிக்கை ஒலி எல்லையை இலக்குக்கு ஏற்ப மாற்றி வைக்க மறக்காதீர்கள். 90க்குக் கீழே போனால் கத்தும்படி விட்டிருந்தால், 86ல் நன்றாக இருக்கும் குழந்தைக்காக இரவு முழுவதும் மணி ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் யாராவது ஆக்சிஜனைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போவார்கள். மேல் எல்லையும் அவ்வளவே முக்கியம்: வலது கையில் 95க்கு மேல் நின்றால் ஆக்சிஜனை இறக்க வேண்டும். பெற்றோருக்கும் இதை முதல் நாளே விளக்கிவிடுவது நல்லது. "சிஸ்டர், பக்கத்துப் பாப்பாவுக்கு 97 காட்டுது, எங்க பாப்பாவுக்கு 85தானே இருக்கு" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துத் தவிக்கும் தாய்க்கு, அந்த 85 நாமாகத் தேர்ந்த எண் என்று தெரிந்தால் பாதிக் கவலை தீரும்.

இரத்தம் எடுக்கும் இடத்தையும் கவனியுங்கள். தொப்புள் தமனியிலிருந்து எடுக்கும் இரத்தம் காலின் கதையைச் சொல்வது. அதில் ஆக்சிஜன் அழுத்தம் 38 என்று வந்ததும் அழுத்தத்தை ஏற்றுபவர், வலது கையில் 88 சதவீதம் இருப்பதைப் பார்க்கத் தவறியவர். வலது மணிக்கட்டில் தமனிக்குழாய் வைக்க முடிந்தால் இந்தக் குழப்பமே இல்லை. கரியமில வாயுவுக்கும் பி.எச்.க்கும் எந்தத் தமனியானாலும் பெரிய வேறுபாடு இராது.

கரியமில வாயு உயரும்போது

மூன்று கிலோ குழந்தை. உச்ச அழுத்தம் 22, பீப் 4, மூச்சு 50, மூச்சளவு 13 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வலது கையில் 87, காலில் 76. இரத்தத்தில் பி.எச். 7.24, கரியமில வாயு 63. இங்கே செய்ய வேண்டியது எதுவுமில்லை. அதே குழந்தைக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் கரியமில வாயு 78, பி.எச். 7.15 என்று வருகிறது. இப்போதும் கை முதலில் போக வேண்டியது அழுத்தப் பொத்தானுக்கு அல்ல. டியூப் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, டியூபைச் சுற்றிக் காற்று கசிகிறதா, இரைப்பைக் குழாய் ஓடுகிறதா, எதிர்ப்பக்க மார்பில் காற்றுக் கசிந்து நியூமோதோராக்ஸ் ஆகிவிட்டதா என்று பாருங்கள். இக்குழந்தைகளுக்கு உயிரோட்டமாக இருப்பது அந்த ஒரு பக்க நுரையீரல்தான். அங்கே நியூமோதோராக்ஸ் ஏற்பட்டால் நிமிடங்களில் நிலை மாறிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் அடுத்து மூச்சு எண்ணிக்கையை 60 வரை ஏற்றலாம். அறுபதில் ஒரு மூச்சுக்கு ஒரு விநாடி, உள்மூச்சு 0.35 போக வெளிமூச்சுக்கு 0.65 விநாடி கிடைக்கும். விறைப்பான நுரையீரல் விரைவாகக் காலியாகும் என்பதால் இது போதுமானதே. ஆனாலும் காற்றோட்ட வரைபடத்தில் வெளிமூச்சுக் கோடு பூஜ்யத்தைத் தொட்ட பிறகே அடுத்த மூச்சு தொடங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். தொடவில்லையென்றால் காற்று உள்ளே தேங்குகிறது, எண்ணிக்கையை ஏற்றுவது பலன் தராது. நெஞ்சுப் படத்தில் நுரையீரல் மிகையாக விரிந்திருந்தால், அழுத்தத்தைக் குறைத்தாலே கரியமில வாயு இறங்கும். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும் படுக்கையருகே அடிக்கடி காண்பது இது. இத்தனைக்கும் பிறகே உச்ச அழுத்தத்தை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என ஏற்ற வேண்டும். 25ல் நிறுத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அரை மணி நேரம் கழித்து ஒரு பரிசோதனை. மூன்று பொத்தான்களை ஒன்றாகத் திருகியவருக்கு எது பலித்தது என்று தெரியாது.

ஆக்சிஜன் குறையும்போது

இங்கே வென்டிலேட்டரைவிட இதயத்தைப் பார்க்க வேண்டிய நேரமே அதிகம். வலது கை 88, கால் 70 என்று இடைவெளி பத்துக்கு மேல் விழுந்தால், நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியிருக்கிறது. உச்ச அழுத்தத்தை ஏற்றினால் அது குறையாது, கூடும். குழந்தையைத் தொட்டதாலோ சளி உறிஞ்சியதாலோ ஏற்பட்ட இறுக்கமாக இருந்தால், அமைதிப்படுத்தி, ஆக்சிஜனைச் சற்று ஏற்றி, தொடாமல் விட்டாலே மீளும். அந்த நேரத்தில் டியூபைக் கழற்றிக் கைப் பையால் வேகமாக அழுத்துவது பழைய காலத்துப் பழக்கம், அதை விட்டுவிட வேண்டும்.

இரத்த அழுத்தம் அந்தக் கருவயதுக்கு இருக்க வேண்டிய அளவில் உள்ளதா, சிறுநீர் போகிறதா, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் பொருள்) ஏறுகிறதா என்பது அடுத்த கேள்வி. குறைந்திருந்தால் கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் சலைன், தேவைப்பட்டால் இன்னொரு முறை. அதற்கு மேல் திரவத்தைக் கொட்டாமல் இதயத்துக்கு வலுவூட்டும் மருந்துக்குப் போக வேண்டும். எந்த மருந்து என்பதை முடிவு செய்ய எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனை தேவை.

நுரையீரல் தமனிகளைத் தளர்த்த மூச்சுக் காற்றோடு கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு இந்த இடத்தில்தான் வருகிறது. ஆக்சிஜனேற்றக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்: சராசரிக் காற்றுவழி அழுத்தத்தை ஆக்சிஜன் சதவீதத்தால் பெருக்கி, இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். சராசரி அழுத்தம் 10, ஆக்சிஜன் 60 சதவீதம், இரத்தத்தில் 50 என்றால் குறியீடு 12. இது 20ஐத் தாண்டினாலோ, கைக்கும் காலுக்கும் இடைவெளி பத்துக்கு மேல் நிலைத்தாலோ நைட்ரிக் ஆக்சைடை முயன்று பார்க்கலாம் என்பது ஐரோப்பிய நிலைப்பாடு. ஆனால் 53 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 1997ல் வெளியிட்ட ஆய்வில், இது இக்குழந்தைகளின் இறப்பையோ எக்மோ தேவையையோ குறைக்கவில்லை. எனவே 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவில் தொடங்கி, சில மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இடது கீழறை வலுவிழந்திருக்கும் குழந்தைக்கு இது கெடுதலும் செய்யும்: தமனிகள் தளர்ந்து பாயும் கூடுதல் இரத்தத்தை அந்த இடது அறையால் வெளியேற்ற முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும். எக்கோ செய்யாமல் இந்த வாயுவைத் திறப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

ஆஸிலேட்டருக்கு எப்போது மாறுவது?

ஆஸிலேட்டர் எனும் அதிவேக அதிர்வு முறையில் தொடங்குவது நுரையீரலைக் காக்கும் என்று பல பிரிவுகள் நம்பின. 2008 முதல் 2013 வரை ஐரோப்பிய நாடுகளை மையமாகக் கொண்டு 171 குழந்தைகளிடம் நடந்து, 2016ல் வெளியான விசி ஆய்வு இதைச் சோதித்தது. இறப்பும் நாள்பட்ட நுரையீரல் நோயும் சேர்ந்து சாதாரண முறையில் 45 சதவீதம், ஆஸிலேட்டரில் 54 சதவீதம். இந்த வேறுபாட்டைப் புள்ளியியல் உறுதி செய்யவில்லை. ஆனால் சாதாரண முறையில் தொடங்கியவர்கள் வென்டிலேட்டரில் குறைந்த நாட்களே இருந்தார்கள், நைட்ரிக் ஆக்சைடும் எக்மோவும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆகவே ஆஸிலேட்டரை முதல் கருவியாக அல்ல, 25 அழுத்தத்திலும் கரியமில வாயு அடங்காதபோது எடுக்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். அப்போது சராசரி அழுத்தம் 13 முதல் 17, அதிர்வு 10 ஹெர்ட்ஸ், அலைவீச்சு 30 முதல் 50, மார்பு அதிர்வதைப் பார்த்து. மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படம் எடுத்து விலா எலும்புகளை எண்ணாமல் விடக் கூடாது. நுரையீரல் மிகையாக விரிவது இந்தக் கருவியில்தான் எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

28க்கு மேல் உச்ச அழுத்தமோ 17க்கு மேல் சராசரி அழுத்தமோ தேவைப்படுவது, ஆக்சிஜனேற்றக் குறியீடு 40க்குக் குறையாமல் மூன்று மணி நேரம் நிற்பது, லாக்டேட் 5ஐத் தொட்டு பி.எச். 7.15க்குக் கீழே போவது ஆகியவை எக்மோவை எண்ண வேண்டிய அறிகுறிகள். எக்மோ உள்ள இடத்துக்கு மாற்ற முடியுமென்றால் இந்த எல்லையை எட்டும் முன்பே பேசத் தொடங்குங்கள். எட்டிய பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றும் நிலையில் குழந்தை இராது.

அறுவைக்கு முன்னும் பின்னும்

அறுவைக்கு நாள் குறிப்பது நாட்காட்டியைப் பார்த்து அல்ல. ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்போதே வலது கையில் 85 முதல் 95, இரத்த அழுத்தம் கருவயதுக்கு ஏற்ற அளவு, லாக்டேட் 3க்குக் கீழ், சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 1 மில்லிலிட்டருக்கு மேல்: இவை சேர்ந்து வந்த பிறகே அறுவை. சிலருக்கு இரண்டாம் நாள், சிலருக்கு இரண்டாம் வாரம்.

அறுவை முடிந்து திரும்பும் குழந்தையின் மூச்சளவு அதே அழுத்தத்தில் குறைந்திருக்கும். மார்பிலிருந்து இறக்கிய குடல் சிறிய வயிற்றுக்குள் திணிக்கப்பட்டிருப்பதால் அது கீழிருந்து உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. ஒன்றிரண்டு நாள் கரியமில வாயுவின் மேல் எல்லையைப் பொறுத்துக்கொள்வது, அழுத்தத்தை ஏற்றுவதைவிட மேலானது.

முதல் நெஞ்சுப் படம் பார்ப்பவரைப் பதற வைக்கும். அறுவை நடந்த பக்கத்தில் பெரிய கருநிற வெற்றிடமும் அதன் ஓரத்தில் சுருண்ட சிறு நுரையீரலும் இருக்கும். இது நியூமோதோராக்ஸ் அல்ல; குடல் விட்டுப்போன இடம். சில நாட்களில் நீர் கோத்து, பின்னர் வாரக்கணக்கில் நுரையீரல் வளர்ந்து அதை நிரப்பும். பதறி அங்கே குழாய் வைத்து உறிஞ்சினால் இதயமும் எதிர்ப்பக்க நுரையீரலும் அந்தப் பக்கம் இழுபட்டு, நன்றாக இருந்த ஒரே நுரையீரல் மிகையாக விரிந்துவிடும். இதயம் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு இரத்த அழுத்தம் விழுந்தால் மட்டுமே குழாய். அப்போதும் உறிஞ்சாமல், குழாயின் மறுமுனையை நீருக்குள் வைக்கும் நீர்ப்பூட்டில்.

வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும்போது முதலில் ஆக்சிஜனை, பிறகு உச்ச அழுத்தத்தை, கடைசியில் எண்ணிக்கையை இறக்குங்கள். நைட்ரிக் ஆக்சைடு ஓடிக்கொண்டிருந்தால் 20லிருந்து 5க்கும், ஐந்திலிருந்து ஒவ்வொன்றாக 1க்கும் இறக்கிய பிறகே நிறுத்த வேண்டும். சட்டென்று மூடினால் தமனிகள் முன்பைவிட இறுகிவிடும். டியூபை எடுத்த பின் சிபேப் (டியூப் இல்லாமல் தொடர் அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் முறை) அல்லது மூக்குவழி வேகக் காற்றோட்டத்தில் சில நாட்கள் வைப்பது வழக்கம். அந்த நாட்களில் இரைப்பைக் குழாயைத் திறந்தே வைத்து, வயிறு உப்புகிறதா என்று ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் அளந்து எழுதி வையுங்கள். மூன்றாம் நாளில் ஆக்சிஜன் தேவை மறுபடி 40 சதவீதத்தைத் தாண்டினால், டியூபைத் திரும்ப இறக்கும் முன் எக்கோ பாருங்கள். நுரையீரல் தமனி அழுத்தம் திரும்பியிருந்தால் அதற்கான மருந்தே முதல் தேவை.